போன அன்றே திரும்பி வரலாமா? 410 கி.மீ. தூரமும் ஒரு பகலும்

ஜனவரி 8, இரவு 8.30 (கேள்வி)

அண்ணா, போக வேண்டிய ஊர் 410 கி.மீ. மேப்பில் 5 மணி 40 நிமிடம் காட்டுகிறது. அங்கே 3 மணி நேர வேலை. விடியற்காலை 4 மணி வாக்கில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். தனியாகத்தான் ஓட்டுகிறேன். வழி முழுக்க நால்வழிச் சாலை, வண்டியும் புதுசு. எந்த நேரத்தில் எங்கே நிற்பது, பெட்ரோல் எப்போது போடுவது என்று மட்டும் சொன்னால் போதும். தூக்கம் எனக்குப் பிரச்சினை இல்லை, ராத்திரி ஓட்டிப் பழக்கம் உண்டு.

ஜனவரி 8, இரவு 9.50

தம்பி, பெட்ரோல் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் கணக்கு இடிக்கிறது. நீ 410 என்று எழுதியிருக்கிறாய், ஓட்டப் போவது 820. மேப் சொல்வது 5.40, நீ ஸ்டியரிங் பிடித்து உட்காரப் போவது 11 மணி 20 நிமிடம், அதுவும் எங்கேயும் நிற்காமல் போனால்.

உனக்காக உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 4.15க்கு வண்டி நகர வேண்டுமென்றால் 3.30க்கு எழ வேண்டும். வழியில் இரண்டு மூன்று முறை நின்று, ஊருக்குள் நுழைந்து, வண்டி நிறுத்த இடம் தேடி, 11 மணிக்குப் போய்ச் சேர்வாய். வேலை முடிய 2 மணி. சாப்பிட்டுக் கிளம்ப 2.30. திரும்பி வர அதே ஆறே முக்கால் மணி நேரம், மாலை நெரிசலுக்கு ஒரு அரை மணி. வீட்டு வாசலில் 9.45. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் நீ சொன்னது சரிதான். ஆனால் நீ எழுந்தது 3.30க்கு. இரவு 8.30 ஆகும்போது விழித்து 17 மணி நேரம் ஆகியிருக்கும், அதற்கு மேலும் ஒன்றேகால் மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும்.

அந்த 17ஐ நான் சும்மா சொல்லவில்லை. 1997இல் ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். அதே ஆட்களை ஒரு முறை தூங்க விடாமல் வைத்தும், இன்னொரு முறை மது கொடுத்தும், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய ஒரு சோதனையில் உட்கார வைத்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தபோது வந்த தடுமாற்றமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருந்தபோது வந்த தடுமாற்றமும் ஒரே அளவு. பல நாடுகளில் அதுதான் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பு. 24 மணி நேரம் விழித்தால் 0.10க்குச் சமம். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அந்த நிலைக்கு வந்து, வீட்டுக்குப் பக்கத்து நெரிசலில் போய் மாட்டுகிறோம்.

அதனால் தூரத்தை வைத்துத் திட்டம் போடாதே. எழுந்த நேரத்திலிருந்து எண்ணு.

ஜனவரி 8, இரவு 10.15

"ராத்திரி ஓட்டிப் பழக்கம்" என்று சொன்னாயே, அதைப் பற்றி. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ஒரு நாளில் இரண்டு முறை இறங்கும். ஒன்று நள்ளிரவு தாண்டி 2 மணியிலிருந்து விடியும் வரை, இன்னொன்று பிற்பகல் 2 முதல் 4 வரை. பழக்கத்தால் அதைக் கொஞ்சம் மறைக்கலாம், நீக்க முடியாது. உன் திட்டத்தைப் பார், கிளம்புவது முதல் இறக்கத்தில், திரும்புவது இரண்டாவது இறக்கத்தில், அதுவும் சாப்பிட்ட கையோடு.

ஜனவரி 9, காலை 6.10

ராத்திரி படுத்த பிறகும் இதே யோசனைதான். காலையில் என் பழைய நோட்டை எடுத்தேன். நீண்ட தூரம் போகும்போதெல்லாம் மேப் சொன்ன நேரம், உண்மையில் ஆன நேரம், எங்கே எவ்வளவு நின்றேன் என்று ஏழெட்டு வருடமாக எழுதி வருகிறேன். ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன். மேப்: 5.10. ஆனது: 6.35. அந்த 85 நிமிடம் எங்கே போனது? காபிக்கு நின்றது 25. பெட்ரோல் 12. பாத்ரூம் மட்டும் என்று நினைத்து நின்ற இடத்தில் 15. ஒரு பாலத்து வேலை, ஒற்றை வரிசையில் ஊர்ந்தது 18. கடைசியில் ஊருக்குள் 15.

இதில் ஒன்றுகூட விபத்தோ கோளாறோ இல்லை, சாதாரண நாள். மேப் காட்டும் நேரம் வண்டியின் நேரம், அதில் நாம் இறங்கும் நேரம் கிடையாது. என் நோட்டில் உள்ள பயணங்களை எல்லாம் பார்த்தால் மேப் நேரத்தோடு கால் பங்கைக் கூட்டினால் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அது என் ஓட்டத்துக்கு, உனக்கு வேறாக இருக்கலாம்.

இன்னொன்று. மேப்பில் இப்போது பார்க்கும் நேரம் இப்போதைய நெரிசலுக்கு. நீ ராத்திரி எட்டரைக்குப் பார்த்திருக்கிறாய். கிளம்பும் நேரத்தைக் குறிப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது, அதில் போகும் நேரத்துக்குத் தனியாக, திரும்பும் நேரத்துக்குத் தனியாகப் பார். திரும்பும் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

சராசரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதி தூரம் 100இல் போய், மீதிப் பாதி ஊர்களும் லாரிகளுமாக 60இல் போனால் சராசரி 80 வரும். உன் மேப் கணக்கு 72 தான். அதனால் கொஞ்சம் இடம் இருக்கிறது.

ஜனவரி 9, காலை 7.05

மேலே எழுதிய சராசரி தவறு. ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொன்னதுதான் சரி. பாதி தூரம் 100, பாதி தூரம் 60 என்றால் சராசரி 80 வராது, 75 தான் வரும். மெதுவாகப் போகும் பகுதியில் அதிக நேரம் செலவாவதால் அது இழுத்துவிடுகிறது. உன் 410க்குப் போட்டுப் பார்த்தேன்: 205 கி.மீ. 100இல் 2 மணி 3 நிமிடம், அடுத்த 205 கி.மீ. 60இல் 3 மணி 25 நிமிடம், மொத்தம் 5.28. 80 என்று நம்பியிருந்தால் 5.08 என்று எழுதியிருப்பேன். ஒரு வழிக்கே இருபது நிமிடம் காணாமல் போகிறது. எல்லோரும் வழக்கமாகச் செய்யும் தப்பு இது, இத்தனை வருடம் கழித்து நானும் செய்திருக்கிறேன். "கொஞ்சம் இடம் இருக்கிறது" என்று எழுதியதை அழித்ததாக வைத்துக்கொள்.

ஜனவரி 9, பகல் 1.20

"அப்போ 120இல் போனால் ஈடுகட்டலாமே" என்று கேட்டிருக்கிறாய். சரி, போட்டுப் பார்ப்போம். நிற்காமல் ஒரே சீராக ஓட்டக்கூடிய 300 கி.மீ. கிடைக்கிறது என்று வை. 100இல் 3 மணி, 120இல் இரண்டரை. மிச்சம் அரை மணி. அதற்கு நீ கொடுப்பது என்ன? வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மோதல் ஆற்றல் ஏறும், 100க்கும் 120க்கும் நடுவே 44 சதவீதம் கூடுகிறது. பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் அதே கணக்கில் நீளும். காற்று எதிர்ப்பும் அப்படியே, பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். சட்ட வேகம் 120 இல்லாத சாலை என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 120இல் ஓட்டுகிறவன் ஒவ்வொரு நிமிடமும் முந்திக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடி, இண்டிகேட்டர், பின்னால் வருபவன், முன்னால் போகும் லாரி. மூன்று மணி நேரத்தில் அது மூளையைப் பிழிந்துவிடும். அந்த அரை மணியைப் போகும்போது சம்பாதித்துவிட்டு, திரும்பும்போது களைப்பாகத் திருப்பிக் கொடுப்பாய்.

ஸ்பீடோமீட்டரும் ஒரு விஷயம். ஐ.நா. வாகன விதி 39இன்படி அது உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. என் வண்டியில் முள் 100 காட்டும்போது ஜிபிஎஸ் 94 என்கிறது. முள்ளை நம்பி மணிக்கு நூறு என்று கணக்குப் போட்டால் 300 கி.மீ.யில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அங்கேயே போச்சு.

ஜனவரி 9, இரவு 11.00

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன் நான் இதே மாதிரி ஒரு பயணம் போனேன். ஒரு வழிக்கு 380 கி.மீ., போன அன்றே திரும்புவதாக ஏற்பாடு. வண்டி நன்றாக இருந்தது, மழை இல்லை, வேலை நேரத்துக்கு முடிந்தது. வீட்டில் 9.30க்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். ஏழரை மணிக்கே கண் எரிய ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியை இறக்கினேன், பாட்டைச் சத்தமாக வைத்தேன், கன்னத்தில் தட்டிக்கொண்டேன். அப்புறம் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்வது மாதிரி இருந்தது, கண்ணைச் சிமிட்டினால் மறுபடி இரண்டாகும். கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல் எது என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு இன்னும் 35 கி.மீ.

அடுத்து எனக்குத் தெரிந்தது சத்தம்தான். ஓரக்கோட்டை ஒட்டி வரிவரியாக மேடு போட்டிருப்பார்களே, அதில் இடது பக்க டயர் ஏறி டர்ர்ர் என்று ஸ்டியரிங் கையில் உதறியது. கண் மூடியது எனக்குத் தெரியவே தெரியாது. விழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சத்தியம் செய்திருப்பேன். 100இல் ஒரு நொடிக்கு 28 மீட்டர். மூன்று நொடி கண் மூடினால் 83 மீட்டர் வண்டியை யாரும் ஓட்டவில்லை. அந்த மேடு இல்லாத சாலையாக இருந்திருந்தால், அல்லது வண்டி இடது பக்கம் போகாமல் வலது பக்கம் போயிருந்தால்...

அடுத்த பெட்ரோல் பங்கில், விளக்கு வெளிச்சமாக இருந்த பக்கம் நிறுத்தினேன். கை நடுங்கியது. இருபது நிமிடம் அலாரம் வைத்துச் சாய்ந்தேன். அலாரம் அடித்ததே கேட்கவில்லை, எழுந்தபோது 11.10. போனில் என் மனைவியின் அழைப்பு பதினாலு.

அன்றிலிருந்து என்னை உறுத்துவது ஒன்றுதான். ஏழரை மணிக்கே எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் நிற்கவில்லை? 9.30 என்று வாய் விட்டுச் சொல்லிவிட்டேன், அதனால் நிற்கவில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை, சொன்ன நேரம்தான் என்னை ஓட்டியது.

ஜனவரி 10, காலை 6.30

கண்ணாடியை இறக்குவது, பாட்டு வைப்பது பற்றி. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னர், ஹார்ன் என்ற இருவர் 1990களில் தூக்கம் குறைந்தவர்களைக் கார் சிமுலேட்டரில் உட்கார வைத்து இதைச் சோதித்தார்கள். குளிர்ந்த காற்றும் ரேடியோவும் கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கின, அதுவும் சுமாராக. நன்றாக வேலை செய்தது காபியும் கால் மணிக்கு உட்பட்ட குட்டித் தூக்கமும் சேர்ந்தது. காபியை முதலில் குடித்துவிட வேண்டும், உடனே சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட வேண்டும். காஃபீன் ஏற இருபது நிமிடம், அரை மணி ஆகும், எழும்போது அது தயாராக இருக்கும். காபி குடித்துவிட்டு உடனே ஓட்டினால் அந்த இருபது நிமிடமும் ஒன்றும் இல்லாமல்தான் ஓட்டுகிறாய்.

தூங்க வரவில்லையே என்கிறார்கள். தூங்க வேண்டாம், கண்ணை மூடிச் சும்மா கிட, போதும். அரை மணிக்கு மேல் தூங்கினால்தான் வம்பு, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்ததும் கொஞ்ச நேரம் மப்பாக இருக்கும். அப்படி எழுந்தால் உடனே சாவியைத் திருகாதே. இறங்கி முகம் கழுவி ஒரு பத்து நிமிடம் நட.

காபி குட்டித் தூக்கம் இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ வாங்கித் தரும். ராத்திரி முழுக்க ஓட்ட அனுமதிச் சீட்டு என்று எடுத்துக்கொள்ளாதே.

ஜனவரி 10, காலை 6.45

ஏசியில் உள்காற்றையே சுற்ற விடும் பட்டனைப் பார். புகைக்காகப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். நாம் விடும் மூச்சே உள்ளே சேர்ந்துகொண்டு போகும், தலை கனக்கும். அரை மணிக்கு ஒரு முறை வெளிக்காற்றுக்கு மாற்று.

ஜனவரி 10, இரவு 9.15

இன்று வேறு ஒன்று படித்துக்கொண்டிருந்தேன், இதற்குப் பொருத்தமாக இருந்தது, கொஞ்சம் விலகிப் போகிறேன்.

பெட்ரோல் வண்டியில் முதன்முதலில் நீண்ட தூரம் போனது ஒரு பெண். பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், அந்த வண்டியை உருவாக்கிய கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், பதின்ம வயது மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. எரிபொருளுக்கு லிக்ராயின் என்ற கரைப்பானை வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, செருப்பு தைப்பவரிடம் அதற்குத் தோல் போடச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்த கதை என்று அதைத்தான் சொல்கிறார்கள். விடியலில் கிளம்பியவர் இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்து, வந்துவிட்டோம் என்று கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

இரண்டு விஷயம் எனக்குப் பிடித்தது. போய்ச் சேர்ந்த பிறகுதான் தகவல் சொன்னார், எத்தனை மணிக்கு வருவேன் என்று முன்னாடியே யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இன்னொன்று, அன்றே திரும்பவில்லை. அங்கே தன் தாய் வீட்டில் சில நாள் தங்கிவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினார்.

ஜனவரி 11, காலை 7.40

டயர் பற்றிக் கேட்டிருந்தவருக்கு. காற்று அளவைக் குளிர்ந்த டயரில் பார்க்க வேண்டும், அதாவது காலையில் வண்டி எடுப்பதற்கு முன், இல்லையென்றால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பார்த்தால் அளவு ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்து பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். சாலையில் டயர் வெடிப்பதற்குக் காற்று கூடியதைவிடக் குறைந்ததுதான் பெரும்பாலும் காரணம், பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறிவிடும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆள் நிறைய ஏறும்போது எவ்வளவு, ஒருவர் மட்டும் என்றால் எவ்வளவு என்று இரண்டு அளவு போட்டிருக்கும்.

வண்டி புதுசு என்றால் டயரும் புதுசு என்று நினைக்கிறோம். பக்கச் சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஸ்டெப்னியையும் பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டெப்னி ஒல்லியாக இருக்கும், அதில் 80க்கு மேல் போகக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். வழியில் அதை மாட்ட வேண்டி வந்தால் அன்றைய கால அட்டவணை அதோடு முடிந்தது.

பெட்ரோல் கேட்டாய் அல்லவா தம்பி, அதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இரவே டேங்கை நிரப்பிவிடு. அப்புறம் கால் டேங்குக்கு வரும்வரை காத்திருக்காமல், பாதி தாண்டியதும் எப்படியும் நிற்கப் போகும் இடத்தில் போட்டுக்கொள். பெட்ரோலுக்கு என்று தனியாக ஒரு நிறுத்தம் வைக்காதே.

ஜனவரி 11, காலை 8.00

மின்சார வண்டிக்காரர்களுக்கு இது பொருந்தாது. அதில் 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறுவது மெதுவாகிவிடும், அதனால் 80க்கு எடுத்துக்கொண்டு நகர்ந்து, அடுத்த இடத்தில் மறுபடி போடுவதுதான் வேகம். என் தங்கை அப்படித்தான் ஓட்டுகிறாள். அவளோடு ஒரு முறை போனேன், சார்ஜுக்காகக் கட்டாயமாக நின்று நின்று போனதில் போய் இறங்கும்போது முதுகு வலியே இல்லை.

ஜனவரி 11, மாலை 6.20

வெயிலை மறந்துவிட்டேன். எந்தத் திசையில் போகிறாய்? காலையில் கிழக்கே போய் மாலையில் மேற்கே திரும்பினால் இரண்டு தடவையும் சூரியன் நேரே கண்ணில். காலையில் மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்பினால் இரண்டு தடவையும் முதுகுக்குப் பின்னால். தூரம் ஒன்றுதான், களைப்பு ஒன்றல்ல. முதல் வகை என்றால் முன்கண்ணாடியை உட்பக்கமாகத் துடைத்து வை. வெளியே எல்லோரும் துடைப்போம். உள்ளே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், விரலால் கோடு போட்டால்தான் தெரியும். சூரியனோ எதிர் வண்டி விளக்கோ பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை, இரண்டே நிமிடம்.

ஜனவரி 12, காலை 6.50

இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் என்ன என்று கேள்வி வந்திருக்கிறது. ரொம்ப நல்லது, தனியாகப் போவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் களைப்பு பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பேரும் 3.30க்குத்தான் எழுந்திருக்கிறார்கள். பக்கத்து சீட்டில் தலை ஆடி ஆடித் தூங்குவது நல்ல தூக்கம் இல்லை. களைத்த பிறகு மாறலாம் என்று வைத்தால் யாருமே "நான் களைத்துவிட்டேன்" என்று வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, களைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறிவிடுங்கள்.

ஒருவரே ஓட்டுவதற்கு எது வரம்பு என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பஸ் ஓட்டுநர்களுக்கு 561/2006 என்ற விதி இருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. தினமும் அதே தொழிலாக ஓட்டுகிறவர்களுக்கு அந்த அளவு. மாதம் ஒரு முறை நெடுஞ்சாலைக்கு வருகிற நாம் 11 மணி 20 நிமிடம் என்று சாதாரணமாக எழுதுகிறோம்.

ஜனவரி 12, காலை 7.30

யோசித்துப் பார்த்ததில் முதல் நாள் நான் எழுதியது "போகாதே" என்கிற மாதிரி இருந்துவிட்டது. அது நியாயம் இல்லை, வேலை இருப்பதால்தானே போகிறாய். என் வரம்பைச் சொல்கிறேன்: போக வர மொத்த ஓட்டம் மேப் கணக்கில் 8 மணி நேரத்துக்குள் இருந்தால் ஒரே நாளில் போய்த் திரும்புவேன். அதைத் தாண்டினால் போகிறேன், ஆனால் திரும்புவதை அங்கே வைத்து முடிவு செய்கிறேன். உன்னுடையது பதினொன்றரை. எனக்கு அது இரண்டு நாள் பயணம்.

நீ ஒரே நாளில்தான் முயற்சி செய்வேன் என்றால் இப்படிச் செய். முந்தின இரவு ஒன்பதுக்குள் படு. அங்கிருந்து கிளம்ப ஒரு கடைசி நேரம் வை, 3 மணி. வேலை 3.05க்கு முடிந்தாலும் அன்று இரவு அங்கேதான். அந்த முடிவை வீட்டில் இப்போதே எடு, அங்கே நின்றுகொண்டு எடுக்காதே, அங்கே நிற்கும்போது எல்லோருக்கும் வீட்டு ஞாபகம்தான் வரும். பையில் ஒரு மாற்றுத்துணி, டூத் பிரஷ், போன் சார்ஜர். அம்மாவிடம் "இன்று ராத்திரி வந்தாலும் வருவேன், இல்லையென்றால் நாளைக்கு மத்தியானம்" என்று சொல். மணி சொல்லாதே. கிளம்பும்போது ஒரு மெசேஜ், நிற்கும் இடத்தில் ஒன்று, வந்து சேர்ந்ததும் ஒன்று, அவ்வளவுதான்.

3க்கு முன்னால் கிளம்பினாலும், நிற்கும் இடைவெளியை மாற்று. போகும்போது இரண்டு மணிக்கு ஒரு முறை நின்றால், வரும்போது ஒன்றரை மணிக்கு ஒரு முறை. கடைசியாகப் பார்த்த ஊர்ப் பலகை எது என்று உன்னையே கேட்டுக்கொள். பதில் வரவில்லை என்றால் அடுத்த வெளிச்சமான இடத்தில் நிறுத்திவிடு. சாலை ஓரத்தில் நிறுத்தித் தூங்காதே, அங்கே பின்னால் வருகிறவனுக்கும் தூக்கம் வந்திருக்கலாம்.

ஜனவரி 19, இரவு 8.10 (கேள்வி கேட்டவரிடமிருந்து)

அண்ணா, போய் வந்துவிட்டேன். காலையில் 4.20க்குக் கிளம்பி 11.10க்குப் போனேன். வேலை 4.30 வரை இழுத்துவிட்டது. அங்கிருந்தவர்கள் எல்லாம் "நால்வழிச் சாலைதானே, பத்தரை பதினொன்றுக்குள் போய்விடலாம்" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 3 மணி என்று முடிவு பண்ணியிருந்ததால் தங்கிவிட்டேன். ரூமில் ஏழரைக்குக் கட்டிலில் சாய்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, லைட்டைக்கூட அணைக்கவில்லை. மறுநாள் 6 மணிக்குக் கிளம்பி 12.20க்கு வீடு.

ஜனவரி 19, இரவு 8.45

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஏழரை என்று எழுதியிருக்கிறாயே, நாலரைக்குக் கிளம்பியிருந்தால் அப்போது நீ பாதி வழியில் இருந்திருப்பாய்.

உன் நேரங்களையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். போக 6.50, வர 6.20, மேப் இரண்டுக்கும் 5.40. கால் பங்கு கூட்டினால் 7.05 வருகிறது, நீ அதைவிடச் சீக்கிரம் போயிருக்கிறாய். வரும்போது அரை மணி குறைந்தது ஏன் என்று சொல்ல முடியுமா? நன்றாகத் தூங்கி எழுந்து ஓட்டியதாலா, நிறுத்தங்கள் குறைந்ததா, இல்லை பகல் வெளிச்சத்தில் முழுக்க ஓட்டியதாலா? எங்கே எவ்வளவு நேரம் நின்றாய் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி அனுப்பு.